மீன் ஆகாத பிள்ளை

என் பிள்ளைக்கு,

மருமகன் வேலைக்குப் போன பிறகு, வாசற்கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாக இருந்து இதை வாசி. பருத்தித்துறையிலிருந்து கரவெட்டிக்கு பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது, அதற்குள் அம்மாவுக்கு ஒரு கடிதமா என்று சிரிப்பாய். சிரி. நேரில் சொல்லலாமென்றால் உன் முகத்தைக் கண்டதும் என் வாய் வேறு கதை கதைக்கும். போனில் சொல்லலாமென்றால், பத்து நாளைக்கு முன் போனில்தான் உனக்கு மறுபடியும் பொய் சொன்னேன். மிச்சம் இருப்பது கடதாசி மட்டும். தையல் அளவு எழுதுகிற கொப்பியிலிருந்து கிழித்த தாள் இது. ஓரத்தில் யாரோ ஒருத்தியின் தோள் அளவு கிடக்கிறது, அதைப் பார்க்காதே.

அன்று செவ்வாய்க்கிழமை. நீ பிள்ளைத்தாய்ச்சிகளின் கிளினிக்கிலிருந்து எடுத்தாய். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. "அம்மா, எனக்குச் சின்னனிலை மீன் திண்டு கிரந்தி வந்ததெல்லே. அது என்னமாதிரி வந்தது? கொப்புளம் மட்டுமோ, மூச்சும் இழுத்ததோ? முகம் வீங்கினதோ? டொக்டர் கேக்கிறா" என்றாய். நான் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். மெசினிலிருந்து காலை எடுக்கவேயில்லை. "ஓம் பிள்ளை, முகம் வீங்கினது. மூச்சும் இழுத்தது. செத்துப் பிழைச்சனி" என்றேன். "அப்ப சரி அம்மா, சொல்லுறன்" என்று வைத்துவிட்டாய். பிறகு பார்த்தால் அந்தக் கையைத் தலைகீழாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு முகம் வீங்கவில்லை. மூச்சு இழுக்கவில்லை. ஒருநாளும் இழுக்கவில்லை. உனக்கு மீன் ஆகாது என்று எந்த டொக்டரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, எந்தப் பரியாரியாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நீ ஆறு வயதில் அதை நம்பினாய், இருபத்தெட்டு வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறாய். இதுதான் கடிதத்தில் உள்ள விஷயம். இதற்குமேல் உனக்கு வாசிக்க மனமில்லையென்றால் நேரே கடைசித் தாளுக்குப் போ, அங்கே நீ செய்யவேண்டியதை எழுதியிருக்கிறேன். மனமிருந்தால் தொடர்ந்து வாசி, ஏன் சொன்னேன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது கிளினிக்கில் தந்த தாளை மெசினுக்கு மேலே மறந்துவிட்டுப் போனாய். டொக்டர் மீனெண்ணெய்க் குளிசைகூட வேண்டாமென்று விட்டதாகச் சொன்னாய். மூச்சு இழுத்த ஆளுக்கு அதைத் தர அவவுக்குப் பயமாம், பாசியிலிருந்து எடுக்கிற குளிசை ஒன்று இருக்கிறதாம், கொழும்பில் விசாரிக்க வேண்டுமாம். நீ அதைக் கவலையில்லாமல் சொன்னாய். மீன் இல்லாத சோறு உனக்குப் பழக்கம். நீ போன பிறகு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை நாலு தரம் வாசித்தேன். கொழுப்பென்றால் கெட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உடம்பு பல கொழுப்புகளைத் தானே ஆக்கிக்கொள்ளுமாம், இரண்டு வகையை மட்டும் ஆக்கமாட்டாதாம், சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டுமாம். அதனால் அத்தியாவசியக் கொழுப்பமிலங்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வகை நல்லெண்ணெயிலும் கச்சான் கடலையிலும் நிறைய இருக்கிறது. அதை உனக்கு நான் குறைவைக்கவில்லை. நீ பெரிய பிள்ளையானபோது உழுத்தங்களிக்கு ஊற்றின நல்லெண்ணெயில் நீ முகம் பார்க்கலாம். எண்ணெயென்றால் எல்லாம் ஒன்றுதானே என்றிருந்தேன். ஒன்றில்லையாம். மற்ற வகை ஆளிவிதையிலும் கீரைகளிலும் கொஞ்சம் இருந்தாலும், குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய விதமாக அது நேரே கிடைப்பது மீனில்தானாம். அதுவும் சூடை, நெத்தலி போன்ற சின்ன மீனில். நாங்கள் நாள் முழுக்கப் பிழிகிற தேங்காய்ப்பாலில் அது இல்லையென்றே சொல்லலாமாம்.

அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. கடைசி மூன்று மாதமும் குழந்தை இதைத் தாயின் உடம்பிலிருந்து இழுத்துக்கொள்ளும், தாய் சாப்பிடாவிட்டால் அவள் உடம்பில் முன்பே சேர்ந்திருப்பதிலிருந்து எடுக்கும் என்று. உனக்கு இப்போது ஆறாம் மாதம். உன் உடம்பில் நான் எதைச் சேர்த்து வைத்தேன்? தாளை மடித்து ஊசிப் பெட்டிக்குள் வைத்தேன், பிறகு எடுத்தேன், பிறகும் வைத்தேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் ஒரு வசனம்தான் பழக்கினேன். ஆர் கேட்டாலும் "அப்பா கடலுக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டாலும் அதுதான், விதானையார் கேட்டாலும் அதுதான். நீ கெட்டிக்காரி, ஏழெட்டு வயதிலேயே அதற்குமேல் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாய். அவர் போன நாள் நான் எட்டு மாதம். விடியற்காலையில் வேலிப் படலையடியில் நின்று, "சோத்தை மூடி வையும். வெய்யில் ஏற முன்னம் வந்திடுவன்" என்றார். மூன்றாம் நாள் படகு தனியே கரையொதுங்கியது. வலை அதற்குள் சுற்றியபடியே இருந்தது. ஆள் இல்லை. காற்றா, வேறு எதுவுமா, இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. யுத்தம் நடந்த நேரம், எதையும் விசாரித்து அறியக்கூடிய காலமும் அல்ல.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்கு முழுக்கத் தெரியாது, ஏனென்றால் நான் அதை உன் கண்ணில் காட்டவில்லை. ஒருவர் செத்தால் அந்த வீட்டு அடுப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது. எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்து, செத்தவருக்குப் பிடித்த மீனைக் காய்ச்சி இலையில் படைத்து, அதை எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்குள் திரும்ப மீன் வரும். படகு வந்து எட்டாம் நாள் அப்பாவின் ஆட்கள் முற்றத்தில் வந்து நின்றார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்று, "அவர் வருவார். ஆருக்கு எட்டு?" என்று கேட்டேன். வாயாடி என்று எனக்கு அப்போதே பெயர். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்கள் போன பிறகு மீன் காய்ச்சுகிற மண்சட்டியைக் கழுவி, பழைய குசினிக்குள் மேலே கூரையைத் தாங்குகிற வளையில் கவிழ்த்து வைத்தேன். அவர் கொண்டுவருகிற மீனைத்தான் இனிக் காய்ச்சுவேன் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். நீ ஒருதரம், "உது என்ன சட்டி அம்மா?" என்று கேட்டாய். வெடித்த சட்டி என்றேன். அது வெடிக்கவில்லை.

அப்படித்தான் சாவீடு முடியாமலே நின்றது. எட்டுச் செய்தால் அவர் செத்துப்போனார் என்று நான் சொன்னதாகிவிடும். எட்டுச் செய்யாமல் மீன் காய்ச்சவும் முடியாது. மற்றவர்கள் எட்டு நாள் காத்ததை நான் இருபத்தெட்டு வருடம் காத்தேன், உன்னையும் கூடவே வைத்துக் காத்தேன். பொட்டு வைத்துக்கொண்டேன், தாலியைக் கழற்றவில்லை. ஊருக்குள் என்னைப் பார்த்துச் சிலர் வாயை மூடிச் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

இது மட்டும் என்றால் நான் உன்னிடம் கூசாமல் சொல்லியிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. நீ பிறந்த ஐந்தாம் நாள் உன் மாமி, அப்பாவின் தமக்கை, பால்சுறா வாங்கிக்கொண்டு வந்தா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தான் கொடுப்பார்கள். அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் மிளகும் போட்டு வறை வறுத்து, சுடச்சுடச் சோற்றோடு என் முன்னால் வைத்தா. வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. போன மாதம் இந்தச் சுறா எங்கே நீந்திக்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது வந்ததுதான், பிறகு போகவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன்.

"எடி, பாலில்லாமல் பிள்ளை கத்துது. உனக்காக வேண்டாம், அவளுக்காகத் திண்" என்றா மாமி.

"இதைத் திண்டிட்டு என்ரை பிள்ளைக்கு நான் பால் குடுக்கமாட்டன் மச்சாள்" என்றேன்.

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவவின் முகம் கறுத்துப்போயிற்று. கோப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறென்று வெளியே போனா, வேலிக்கு அப்பால் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவ எனக்கு மீன் தரவில்லை. சந்தைக்கு மீன்கடகத்தோடு எங்கள் படலையைத் தாண்டிப் போகும்போது பூவரசம் இலையைப் போட்டு மூடிக்கொண்டு போவா. நீ அதைப் பார்த்து, மாமி வெய்யிலுக்கு மூடுகிறா என்று நினைத்திருப்பாய். எனக்கு இரண்டாம் மாதமே பால் வற்றிவிட்டது. நீ தகரப் பேணியில் வந்த பால்மாவில் வளர்ந்தாய்.

நாலு வயதிலிருந்து உனக்குக் கையிலும் முழங்காலிலும் தோல் வரண்டு செதில் செதிலாக உரியும். தேங்காயெண்ணெய் பூசுவேன், வேப்பிலை அரைத்துப் பூசுவேன். அந்தக் கிளினிக் தாளின் கடைசி வரியில், இந்தக் கொழுப்புகள் மிகவும் குறைந்தால் தோல் வரண்டு உரியும் என்று இருக்கிறது. உனக்கு அதனால்தான் வந்ததென்று எனக்குத் தெரியாது, எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை, எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி வருகிறது. ஆனால் அந்த வரியை வாசித்த நேரத்திலிருந்து உன் சின்ன முழங்கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஏனென்றால் உரிந்த அந்தத் தோலைத்தான் நான் உனக்குச் சாட்சியாகக் காட்டினேன்.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும், ஆனால் நான் சொல்லித்தந்த மாதிரித்தான் இருக்கும். நடந்தபடி எழுதுகிறேன். வருடத்தில் ஒருநாள் நான் மெசினை மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அப்பா போன நாள் அது. உனக்கு ஆறு வயது. நான் எழும்பமாட்டேன் என்று தெரிந்து நீ மாமி வீட்டுக்கு ஓடிவிட்டாய். பின்னேரம் திரும்பி வந்தபோது உன் உதடு எண்ணெயில் மினுங்கியது. "மாமி வீட்டிலை இலையிலை சோறு. மீன் பொரியல் அம்மா, மொறுமொறெண்டு. முள்ளையும் சப்பினனான்" என்று குதித்துக்கொண்டு சொன்னாய். வாயிலிருந்து அந்த வாசம் வந்தது. அப்பாவின் கையில் எப்போதும் இருந்த வாசம். நான் உனக்குக் கன்னத்தில் அறைந்தேன். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், உப்பைக் கரைத்து, மூக்கைப் பிடித்துப் பருக்கினேன். நீ எல்லாவற்றையும் ஓங்காளித்துச் சத்தியெடுத்தாய். எடுத்து முடிந்தும் இன்னும் ஒரு பேணி பருக்கினேன். அழுது அழுது உனக்கு உடம்பெல்லாம் சிவந்துபோயிற்று. நீ பயந்துபோய் என்னைப் பார்த்தபோது என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. ஒரு தாய் ஏன் இப்படிச் செய்தாள் என்பதற்கு ஒரு காரணம் உடனே வேண்டியிருந்தது. உன் முழங்காலைப் பிடித்துக் காட்டி, "பார், உனக்கு மீன் ஆகாது. கிரந்தி. செத்துப்போவாய்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் உன் செருப்பு இரண்டும் படலைக்குள் கிடந்தன. மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாய். ஆர் கொண்டுவந்து போட்டது என்று நான் யோசிக்கவில்லை.

பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தேன். அயலுக்கெல்லாம் சொன்னேன். நீ நெல்லியடிக்குப் படிக்கப் போனபோது சிநேகிதப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து தள்ளி இருந்து சாப்பிட்டாய். மீன்சந்தைப் பக்கம் போனாலே கை கடிக்கிறது என்று சொறிந்துகொண்டு வந்தாய், உண்மையாகவே தடித்திருந்தது. அன்று நான் பயந்துதான் போனேன். ஒரு தாய் சொன்னால் பிள்ளையின் தோல்கூட நம்புமா என்று நினைத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். உன் கலியாணப் பேச்சு வந்தபோது சொல்லியிருக்கலாம். உன் மாமியார், பாவம், நல்ல மனுசி, "பிள்ளைக்கு ஆகாதெண்டால் எங்களுக்கும் வேண்டாம்" என்று தன் குசினியிலிருந்தே மீனை எடுத்துவிட்டா. அவ அப்படிச் சொன்னபோது நான் அவவின் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். என் சாவீடு கரவெட்டிவரை போய்விட்டது.

தாளை வாசித்த மறுநாள் நான் மாமியிடம் போனேன். முழங்கால் நோவில் அவ இப்போது சந்தைக்குப் போவதில்லை, மகன் கொண்டுவருகிற மீனைப் படலையடியில் வைத்து விற்கிறா. செதில் சுரண்டிக்கொண்டிருந்தா. நான் அந்தப் படலையில் மிதித்துப் பல வருடம்.

"மச்சாள், பிள்ளைக்கு மீன் வேணுமாம்" என்றேன்.

"ஆருக்கு? கிரந்திக்காரிக்கோ?" அவ நிமிரவில்லை.

"அவளுக்குக் கிரந்தி இல்லை."

"அது எனக்குத் தெரியும். உனக்கு எப்ப தெரிஞ்சது?"

மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என்னைப் பார்த்தா.

"அண்டைக்கு நீ அவளுக்கு உப்புத்தண்ணி பருக்கினதை நான் பாத்தனான். செருப்பை விட்டிட்டுப் போட்டாளெண்டு பின்னாலை கொண்டுவந்தனான். உன்ரை படலையிலை நிண்டு முழுக்கப் பாத்தனான். அண்டைக்கு என்ன நாள் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"நீ எட்டுச் செய்யமாட்டன் எண்டிட்டாய். அதுக்காக என்ரை தம்பியை நான் பட்டினி போடேலுமோ? அவன் போன நாளிலை வருஷா வருஷம் சூடை பொரிச்சு, இலையிலை வச்சு, அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறனான். உனக்குச் சொல்லேல்லை, சொன்னால் சண்டைக்கு வருவாய். அண்டைக்குப் பிள்ளை தானா ஓடி வந்தவள். படைச்ச சோத்தை அவன்ரை பிள்ளைக்குக் குடுக்காமல் வேறை ஆருக்குக் குடுக்கிறது? அவள் திண்டது தேப்பன்ரை படையல். அதைத்தான் நீ கிணத்தடியிலை சத்தியெடுக்க வச்சனி."

பிள்ளை, இதை எழுதும்போது எனக்குக் கண் தெரியவில்லை, எழுத்துக் கோணினால் குறை நினைக்காதே. உன் அப்பாவிடமிருந்து உனக்குக் கிடைத்த ஒரேயொரு சாப்பாடு அது. அதையும் நான் உன் வயிற்றில் நிற்கவிடவில்லை. இருபத்திரண்டு வருடம் மாமி இதைத் தெரிந்துகொண்டு, கடகத்துக்கு இலை மூடிக்கொண்டு, என் படலையைத் தாண்டிப் போயிருக்கிறா. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அவன் வருவான் எண்டு இருந்தனி. அதைப் பறிச்சுப்போட்டு உனக்கு நான் என்னத்தைத் தாறது?" என்றா. பிறகு, "அவனை மீன் திண்டிருக்கும் எண்டுதானே இவ்வளவு காலமும் பயந்தனி? திண்டிருந்தால் திண்டிருக்கட்டுமடி. அவன் திண்ட மீன் கொஞ்சமோ?" என்று சொல்லிச் சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா. அப்பாவின் அதே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியொரு கதைக்குச் சிரிப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் மீன் தரவில்லை. "எட்டைச் செய். செய்யாமல் உனக்கு நான் ஒரு செதிலும் தரமாட்டன்" என்றுவிட்டா.

நேற்றுச் செய்தோம். நானும் மாமியும்தான். ஐயரைக் கூப்பிடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. வளையிலிருந்து சட்டியை இறக்கினேன். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, பகல் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தேன். அடுப்பில் வைத்தால் வெடிக்கும் என்றா மாமி. வெடிக்கவில்லை. சூடைக் குழம்பு வைத்து, கொஞ்சம் பொரித்து, முருங்கையிலைச் சொதி காய்ச்சி, இலையில் படைத்தோம். "பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றா. நான் அவர் பெயரை வாயால் சொன்னதேயில்லை, இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுவேன். நேற்றுச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது, அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்த நாளிலேயே அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது என்று விளங்கியது. பிறகு கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே முருங்கைக்குக் கீழே இருந்தோம். உள்ளே ஒரு சத்தம் கேட்குமா என்று நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தது. சோற்றுக்கு ஒரு வரிசை எறும்பு வந்திருந்தது, அவ்வளவுதான். இருவரும் இருந்து சாப்பிட்டோம். மீனின் ருசி எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவேயில்லை. அதுதான் என்னை அழவைத்தது.

இனி நீ செய்யவேண்டியது. அம்மா உண்மை சொல்லிவிட்டா என்று நீயாக ஒரு துண்டு மீனையும் வாயில் வைக்காதே. உன் கை தடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன பொய் உன் உடம்புக்குள் போய் என்ன செய்து வைத்திருக்கிறதோ எனக்குத் தெரியாது, அந்தப் பயம் எனக்கு உண்டு. முதலில் டொக்டரிடம் போ. முகம் வீங்கியது, மூச்சு இழுத்தது எல்லாம் அம்மா சொன்ன பொய் என்று சொல். வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது. வேண்டுமென்றால் நானே வந்து அவவின் முன்னால் சொல்கிறேன். அவ சோதித்துப் பார்த்து, சாப்பிடலாம் என்றால் சாப்பிடு, வேண்டாமென்றால் அந்தப் பாசிக் குளிசையை எங்கே கிடைத்தாலும் எடுப்பிப்போம். பெரிய மீன் வேண்டாம், சுறாவும் வேண்டாம் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறது, பெரிய மீனில் குழந்தைக்குக் கூடாத நஞ்சு சேர்ந்திருக்குமாம். அதை வாசித்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மாமி சூடை தருவா. உன் மாமியாருக்கும் சொல்லிவிடு, அவவின் குசினியை அவவுக்குத் திருப்பிக் கொடு. என்னை என்ன நினைப்பா என்று நான் கேட்கமாட்டேன்.

என்னோடு கோபப்படு. கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தாலும் சரி. ஆனால் ஒன்று சொல்ல விடு, இத்தனை பொய்க்குப் பிறகு புத்தி சொல்கிற முகமா இது என்று நினைத்தாலும் பரவாயில்லை. நாளைக்கு உன் பிள்ளைக்கு எதையாவது வேண்டாம் என்று தடுக்கும்போது, அது பிள்ளைக்கு ஆகாததா, உனக்கு ஆகாததா என்று ஒருதரம் நின்று யோசி. நான் யோசிக்கவில்லை. என் பயத்தை உனக்கு நோய் என்று பெயர் வைத்துத் தந்துவிட்டேன்.

கிளினிக்கில் உன்னைப் பற்றி நிரப்புகிற தாளில் அப்பாவுக்கு என்ன நோய் வருத்தம் என்று ஒரு கேள்வி இருக்கிறதாம், கடலுக்குப் போயிருக்கிறார் என்று நீ சொல்ல, அவர்கள் அதை வெறுமையாக விட்டிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதையும் திருத்தச் சொல். வருத்தம் ஒன்றுமில்லை, நல்ல பலசாலி, முப்பத்தொரு வயதில் கடலில் செத்துப்போனார் என்று எழுதச் சொல். உன் பிள்ளை பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு அதையும் தூக்கிக்கொண்டு கீரிமலைக் கடலுக்குப் போவோம், அப்பாவுக்குச் செய்யவேண்டிய மிச்சச் சடங்கை முறையாகச் செய்வோம்.

நீ அடுத்த தரம் வரும்போது என் நெற்றியில் பொட்டு இருக்காது. நீ இந்தக் காலத்துப் பிள்ளை, திரும்ப வையுங்கோ என்று சண்டை பிடிப்பாய், அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு என்னைக் கண்டதும் படலையில் நின்று அழாதே. உள்ளே வா. சட்டியைக் கழுவி நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

அம்மா